வலது ஓரச் சிப்பாய்

என் வீட்டுக்காரருக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். பல் டாக்டர் என்று சொன்னாலே பல்வலி தானாக நின்றுவிடும். ஆனால் நூற்றிருபது மீட்டர் உயரத்தில், ஒரு அலமாரி அளவு கண்ணாடிக் கூண்டுக்குள், காலுக்கு நேர் கீழே தரை தெரிய உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் டவர் கிரேன் ஓட்டியவர். வேலையிடத்தில் அவருக்கு வைத்த பேர் 'மேலிடம்'. சிமென்ட் எப்போது மேலே போகும் என்று யாராவது கேட்டால், "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும், வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

கிரேன் ஓட்டுபவருக்குப் பாதி நேரம் சுமை கண்ணில் படாது. கட்டடத்துக்குப் பின்பக்கம் இறக்கும்போது, கீழே நிற்கும் ஆள் வாக்கி டாக்கியில் சொல்வதுதான் அவருக்குக் கண். "லெஃப்ட்ல நாலு அடி, மெதுவா, இன்னும் ரெண்டு, நிறுத்து." காதில் விழுந்த மாத்திரத்தில் கை போக வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. அப்படிக் கீழே நின்று சொல்கிறவன் என் கூடப்பிறந்த தம்பி. எட்டு வருஷமாக இவர் தூக்குகிற இரும்பெல்லாம் அவன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இறங்குகிறது. அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிடச் சொல்லி நச்சரித்தவள் நான்தான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இவர்களுக்கு அதே விளையாட்டு. தம்பி கையைக் குவித்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மேலிடம், மேலிடம். ரைட்ல அரை அடி, உப்பு டப்பா, தூக்கு" என்பான். இவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். டப்பா அப்படியே கைக்குள் வந்து உட்காரும். ஒருநாள்கூட ஒரு டம்ளர் சாய்ந்ததில்லை. நான்தான், சோறு ஆறுது, உங்க கூத்தை அப்புறம் வெச்சுக்கோங்க என்று கத்துவேன்.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஏணியில் கடைசிப் பத்துப் படி இருக்கும்போது கால் வழுக்கி விழுந்தார். நூற்றிருபது மீட்டரில் விழாத மனுஷன் மூன்று மீட்டரில் விழுந்தார். வேலைதான் முடிந்துவிட்டதே என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் மயக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நானே இரண்டு வைத்திருப்பேன். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்புறம் வீட்டுக்கு வந்தார், நன்றாகப் பேசினார், நன்றாகச் சாப்பிட்டார், என்னை வம்புக்கு இழுத்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

முதலில் செருப்பு. இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். அப்புறம் குழாய். திறக்கிறேன் என்று இறுக்கி மூடினார். அப்புறம், மருந்துக் கடைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பி, நான் கூப்பிட்டதும், "தெரியும், சும்மா காலாற நடக்கலாம்னு" என்றார். தினமும் இல்லை. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. அவருக்கு அது தெரிந்ததா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். இடது கண்ணை மூடுங்க, வலது கண்ணை மூடுங்க என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். பத்துப் பேரில் ஒருவர் தப்பான கண்ணை மூடிவிட்டு அசடு வழிவார். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். ஊர் உலகத்தில் யாருக்குத்தான் இடது வலது குழம்பாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்தில் ஒருவர் மூன்று டன் இரும்பைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

கம்பெனி டாக்டர் நிறையச் சோதனை வைத்தார். இவர் எல்லாவற்றிலும் தேறினார். கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பி, "வீட்ல ஏதாவது கவனிச்சீங்களாம்மா? பேர் மறக்கிறது, பக்கம் மாறிப் போறது, அந்த மாதிரி?" என்று கேட்டார். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூண்டு இல்லாமல் இவர் என்ன ஆவார் என்று நினைத்தேன். "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இனிமேல்தான் செஸ் வருகிறது. தலைக்கு வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்ததால், பரண் மேல் கிடந்த பழைய பலகையை முதல் மாசமே இறக்கியிருந்தார். கட்டுமான வேலைக்காரர்களுக்கென்று வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். வேலைக்குத் திரும்ப வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் இந்த வருஷத்துப் போட்டி. அதற்காக, வெள்ளைக் காய் கிடைக்கும்போது ஆட்டத்தைத் தொடங்க ஒரே ஒரு முறையைப் பாடம் பண்ணினார். அதற்கு ஏதோ ஊர்ப் பேர் உண்டாம். நாங்கள் வீட்டில் வைத்த பேர் 'பன்னிரண்டு', ஏனென்றால் மொத்தம் பன்னிரண்டு நகர்த்தல். எனக்கு செஸ் தெரியாது. ஆனால் நோட்டைப் பார்த்து எதிராளி நகர்த்தலை நான் படிக்க, அவர் பதில் வைக்க, ஐந்து மாசத்தில் வாய்ப்பாடு மாதிரி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. முதலில் ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய் இரண்டு கட்டம். அடுத்து பிஷப் வெளியே வரும். அப்புறம் ஒரு சிப்பாய், அப்புறம் வலது குதிரை. ஐந்தாவதாக வலது ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் போகும். அந்த ஐந்தாவது எதற்கு என்று கேட்டேன்.

"எதிராளியோட குதிரை வந்து பிஷப்பை மிரட்டும். அப்ப அது ஓடி ஒளிய ஒரு இடம் வேணும்ல? இந்த ஓரச் சிப்பாய் நகர்ந்தா அது நின்ன இடம் காலி. பிஷப் அங்க போய் உக்காந்துக்கும்" என்றார்.

"உங்களுக்கு ஒளிய இடம் இருக்கா?" என்றேன் விளையாட்டாக.

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பன்னிரண்டையும் அந்த ஹால்ல, அத்தனை பேருக்கு நடுவுல, பிசகாம வெச்சுட்டேன்னா திங்கக்கிழமை மேல ஏறுவேன். ஒண்ணு தப்பினாலும் ஏற மாட்டேன். இது உனக்கும் எனக்கும் மட்டும்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, என்னைவிட அவர் பயந்திருக்கிறார் என்று.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நகர்த்தி முடித்ததும் அதைத் தாளில் எழுத வேண்டும் என்பது போட்டி விதி. பழக்கத்துக்காக வீட்டிலும் அப்படியே செய்வார். காயை நகர்த்துவார், குனிந்து எழுதுவார். முதல் மாசத்திலேயே ஒருநாள், வலது ஓரச் சிப்பாய்க்குப் பதிலாக இடது ஓரச் சிப்பாயை நகர்த்திவிட்டுக் குனிந்தார். தாளில் வலது ஓரம் என்றே எழுதினார். அவர் நிமிர்வதற்குள் நானே சிப்பாயைப் பின்னால் தள்ளி, வலது பக்கத்துச் சிப்பாயை முன்னால் வைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. "அடுத்தது படி" என்றார். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு ஒருநாள் மட்டும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

போட்டி நடந்த ஹாலில் நீள நீள மேஜைகள், அறுபது எழுபது பேர், தலைக்கு மேலே கடகடவென்று ஓடும் மின்விசிறி. பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது சுற்றில் நான் "ச்ச்" என்று ஒரு சத்தம் போட்டதற்கே நடுவர் பெண்மணி வந்து, "அடுத்த தடவை சத்தம் வந்தா உங்க வீட்டுக்காரர் தோத்ததா எழுதிடுவேன், பார்த்துக்கோங்க" என்று என் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டே நின்றேன்.

மொத்தம் ஐந்து சுற்று. முதல் சுற்றில் வெள்ளைக் காய் வந்தது, பன்னிரண்டும் பிசகவில்லை. மூன்றாவதில் மறுபடி வெள்ளை, மறுபடி பிசகவில்லை. ஒவ்வொரு முறை ஐந்தாவது வரும்போதும் கை சரியான சிப்பாய்க்கே போனது. கடவுளே, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நான்காவது சுற்று முடிந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். "இன்னும் ஒண்ணுதான்" என்றார். பக்கத்தில் என் தம்பி, "மாமா இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்று குதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

கடைசிச் சுற்றில் எதிரே ஒரு ஒல்லி எலக்ட்ரீஷியன், வேறு கட்டட வேலையிடத்துக்காரர். இவருக்கு மறுபடி வெள்ளை. முதல் நகர்த்தல், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான் மனசுக்குள் கூடவே படித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவதற்குக் கை எழுந்தது. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், ரொம்ப நிதானமாக, இடது பக்கம் போனது. இடது ஓரச் சிப்பாயைப் பிடித்து ஒரு கட்டம் தள்ளியது. கடிகாரத்தைத் தட்டினார், குனிந்தார், எழுதினார்.

அவர் குனிந்த அந்த நேரத்தில் என் கை தானாகக் கயிற்றைத் தாண்டியது. தம்பி என் முழங்கையைப் பிடித்து, "அக்கா, கயிறு" என்று முணுமுணுத்தான். வீடாக இருந்தால் இந்நேரம் சிப்பாயை மாற்றி வைத்திருப்பேன். இங்கே நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவர் நிமிர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அவர் நிமிர்ந்தார். பலகையைப் பார்த்தார். திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

எலக்ட்ரீஷியன் ரொம்ப நேரம் யோசித்தார். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல. கடைசியில் குதிரையை ஓரத்துக்குக் கொண்டுவந்து பிஷப்பை மிரட்டினார். இவர் இதற்குத்தானே காத்திருந்தேன் என்கிற மாதிரி பிஷப்பைத் தூக்கி, ஒளிகிற இடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வலது ஓரச் சிப்பாய் நகராமல் நின்றுகொண்டிருந்தது.

கை அப்படியே நின்றது. பிஷப்பின் அடிப்பாகம் கட்டத்துக்கு ஒரு விரல் மேலே தொங்கியது. செஸ்ஸில் காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்தியாக வேண்டும். அவர் தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்தன. அப்புறம் தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிஷப்பை அதற்கு முந்தின கட்டத்தில் வைத்தார். குதிரை அதை வெட்டியது. இவர் வலது ஓரச் சிப்பாயால் குதிரையை வெட்டினார். அப்படி வெட்டியதில் ஓரத்தில் யானைக்கு முன்னால் யாருமே இல்லாமல் ஒரு நேர் வழி திறந்துகொண்டது. எலக்ட்ரீஷியன் ராஜாவை அந்தப் பக்கமே கொண்டுபோய் வைத்தார், பாவம். முப்பது நகர்த்தலுக்குள் யானையும் ராணியும் அந்த வழியில் இறங்கி ஆட்டத்தை முடித்துவிட்டன. ஜெயித்துவிட்டார். அதற்குப் பிறகு ஆடிய நேரம் முழுக்க இடது உள்ளங்கையால் அந்தத் தாளை மூடியே வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். எலக்ட்ரீஷியன், "அந்த அஞ்சாவது நகர்த்தல்ல என்னைக் கவுத்துட்டீங்க சார். நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல" என்றார்.

"வேணும்னேதான வெச்சீங்க மாமா?" என்றான் தம்பி, பெருமை தாங்காமல்.

"பின்ன" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அந்த ஒரு சொல் போதும். தம்பி டீ வாங்கப் போனதும் இவரை ஹாலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாளின் நகல் அவர் சட்டைப் பையில், அந்தச் சான்றிதழோடு சேர்ந்து மடங்கியிருந்தது.

"அஞ்சாவது" என்றேன்.

"களைப்பு" என்றார் உடனே. "காலைலேர்ந்து அஞ்சு ஆட்டம். யாருக்கும் வரும். ஒரே ஒரு தடவை."

"ஒண்ணு தப்பினாலும் ஏற மாட்டேன்னீங்க."

"வீட்ல நூறு தடவை வெச்சிருக்கேன். ஒரு தடவைகூட தப்பல. நீதானே எதிர்ல உக்காந்திருந்த, நீயே சாட்சி" என்றார்.

அவர் கண்ணில் பொய் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அது சத்தியம். அந்தப் பொய்யை அவருக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தவள் நான். வாய் வரை வந்ததைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குள் தம்பி மூன்று டீயோடு வந்துவிட்டான். இவருக்கு வலது பக்கம், குழாயடியில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மாமா. முதல் தூக்கு பின்பக்கம்தான், மூணு டன் கம்பி. நான் கீழ இருக்கேன், கவலையே படாதீங்க. மேலிடம் இல்லாம எனக்குக் கையே ஓடல" என்றான்.

மூன்று டன். அவன் தலைமயிரில் சிமென்ட் தூசி ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அது போகாது. நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து, இவருக்கு இடது பக்கம், பெஞ்சின் ஓரத்தில் வைத்தேன்.

"டேய், சாப்பாட்டு மேஜையில கூப்பிடுவியே, அந்த மாதிரி இப்ப மாமாவைக் கூப்பிடு" என்றேன்.

"இப்பவா? என்னக்கா திடீர்னு."

"கூப்பிடுடா."

இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி சிரித்துக்கொண்டே கையைக் குவித்து வாய்க்குப் பக்கத்தில் வைத்தான்.

"மேலிடம், மேலிடம். லெஃப்ட்ல ஒரு அடி, தண்ணி பாட்டில். தூக்கு."

கை எழுந்தது. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நேராக வலது பக்கம் போய் என் தம்பியின் தலை மேல் இறங்கியது.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒரு கை அவன் தலையில் இருக்க, இவர் கண்ணைத் திறக்காமல், விரலால் அந்த மயிரைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"தப்பு" என்றேன். ஐந்து மாசமாகச் சொல்லாத சொல், அழுகையோடு சேர்ந்து வந்தது. "வீட்லயும் தப்புதான். நீங்க குனிஞ்சு எழுதுறப்ப நான்தான் மாத்தி மாத்தி வெச்சேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

"எத்தனை தடவை?" என்றார்.

"முப்பது நாப்பது இருக்கும். எண்ணல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணைத் திறந்து, கையை எடுத்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு தாளையும் வெளியே இழுத்தார். செஸ் தாளை மடியில் விரித்து, ஐந்தாவது வரியில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் இடது ஓரச் சிப்பாய் என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"சரியா பாரு" என்றார்.

"சரி" என்றேன்.

சான்றிதழைத் தம்பியிடம் கொடுத்தார். "இதை நாளைக்கு ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடு. மேல வேற ஆளைப் போடச் சொல்லு" என்றார். தம்பி அதை வாங்கிக்கொண்டு, தன் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.